தேர்வாளருக்கு 'நீ' கிடையாது

வியாழன் காலை ஒன்பது பத்துக்கு
நெரிஸுக்கு ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு.
இன்று செவ்வாய், இரவு பத்தரை.
மெனாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப்பணி.
ஆக, தேர்வாளர் நான்தான்.

ஹோலிஹெட் துறைமுகத்தில்
டப்ளின் கப்பலுக்குள் லாரிகளைப்
பின்னால் வா, பின்னால் வா என்று
கைகாட்டி ஏற்றுகிறவன்.
எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ்
தக்காளி லாரிக்காரர்கள்
டயர் வெடித்தால் சொல்லும் இரண்டு சொல்.
பாடத்திட்டத்தில் அவை இல்லை.

முதல் அட்டையை எடுத்தேன்.
"கே ஹிசிஸ்தே…"
"ஹ வராது," என்றாள் நிமிராமல்.
"எழுதுவாங்க. சொல்ல மாட்டாங்க."
சரியென்று அந்த ஹ-வின் தலையில்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.

போன வாரக்கடைசியில் என்ன செய்தாய்?

குதிரையேறினாளாம்.
மாலையில் தோழிகளோடு கடற்கரையில்
மீன் சுட்டுச் சாப்பிட்டாளாம்.
அர்த்தம் எழுதிய தாளில் விரல் வைத்து
பின்னாலேயே ஓடினேன்.
போன சனிக்கிழமை முழுக்க
போர்வைக்குள் கிடந்தவள் இவள்.
ஞாயிறும்.
"குதிரை எங்கிருந்து வந்தது?"
"உண்மைக்கு மார்க் இல்ல, கோல்.
வினைச்சொல்லுக்குத்தான்."

இந்த வீட்டில் அம்மாவும் மகளும்
வெல்ஷ் மொழியில் சிரிப்பார்கள்.
நான் கதவைத் திறந்ததும்
எனக்காக ஆங்கிலத்துக்கு மாறுவார்கள்,
விருந்தாளிக்கு நாற்காலி துடைத்துப் போடுவதுபோல.
மூன்று வருடமாக.
மரியாதைதான், குறை சொல்லவில்லை.
ஆனால் மாறும்போது
சிரிப்பு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

ஸ்பானிஷில் அப்படியில்லை.
இருவருக்கும் அது அயலூர்.
நான் ஒவ்வொரு எழுத்திலும் தடுக்கி விழ,
அவள் நான்கு அடி முன்னால் நொண்டிக்கொண்டே
திரும்பிப் பார்த்து நிற்கிறாள்.

ஆறாவது அட்டை: சிறுவயது.
தாளில் இருந்தது ஒரு பூனையைப் பற்றி.
அவள் சொன்னதில் பூனை இல்லை.
கடைசிச் சொல் பிடிபடாமல்
மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்:
லியெவாபா. லியெவாபா. மே லியெவாபா.
என்னவென்று கேட்டேன்.
"அப்பா என்னைக் கலங்கரை விளக்கத்துக்குக்
கூட்டிட்டுப் போவார்.
ஒரு தடவை இல்ல, வழக்கமா.
அதுக்குத் தனிக் காலம் இருக்கு."
நடந்ததா என்று நான் கேட்கவில்லை.
உண்மைக்கு மார்க் இல்லை.

அட்டையின் அடியில் தடித்த எழுத்தில்:
தேர்வாளரை 'உஸ்தெத்' என்றே அழைக்கவும்.
அது நீங்கள்.
'து' என்றால் நீ. சொன்னால் ஒரு மார்க் போகும்.
ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை.
மந்திரிக்கும் 'யூ', நாய்க்கும் 'யூ'.
அதனால் இந்த மூன்று வருடமும்
அவள் என்னை நீ என்றாளா நீங்கள் என்றாளா
எனக்குத் தெரியாது.

கடைசியில், மாணவர் தேர்வாளரிடம்
ஒரு கேள்வி கேட்க வேண்டும்.
எழுதி வைத்திருந்தாள்:
உங்களுக்கு விளையாட்டு பிடிக்குமா?
தாளைப் பார்த்தாள்.
கவிழ்த்து வைத்தாள்.
"இ து, தோந்தே விவியாஸ் அந்தெஸ்?"

பாதி புரிந்தது, பாதி ஊகித்தேன்.
முன்பு எங்கே குடியிருந்தாய்?
நடுவில் அந்தச் சின்னச் சொல்,
து.
பென்சில் கையில்தான் இருந்தது.
கழிக்கவில்லை.

லிவர்பூல் என்று சொல்லியிருக்கலாம்,
ஊர்ப்பெயருக்கு இலக்கணம் வேண்டாம்.
ஆனால் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி.
எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று:
"விவோ அக்கி."
இங்கே இருக்கிறேன்.

"கேட்டது இறந்தகாலம்," என்றாள்.
"தெரியும்."
"அப்போ தப்பு."
"தப்புதான்."

என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி
அட்டையின் மூலையில்
பத்துக்கு நான்கு போட்டாள்.
"அதுவும் உச்சரிப்புக்கு மட்டும்."