காதோடு

செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கு
யாஸ்னா அழுதாள்.
கார் மோதிவிட்டதாம், யாரோ பெரியவருக்குக் கால் முறிந்ததாம்,
போலீஸ் வருவதற்குள் ஆறு லட்சம் பேசோ அனுப்பினால்
பேசி முடித்துவிடலாமாம்.
யெர்கோ அனுப்பிவிட்டான்.
கணப்படுப்பு மாற்ற வைத்திருந்த பணம்.

அதே நாலேகாலுக்கு
வால்டிவியாவில், நூலகத்தில்,
போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு
கடற்பாசிகளைப் படம் வரைந்துகொண்டிருந்தாள் யாஸ்னா.

நீரிணைப் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துவிட்டு
எட்டு மணிக்கு நான் வந்தபோது
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.
"அவள் அழுகை எனக்குத் தெரியாதா, ஒடெட்?
மூச்சு இரண்டாக உடைந்து, அப்புறம் விக்குமே,
அதே விக்கல்."

திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.
அந்த விக்கலை வெளியே கொடுத்தவள் நான்.
அவள் பள்ளி முடித்த நாளின் அழுகை,
முப்பத்தெட்டு விநாடி,
எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் விழுந்தன.
எத்தனை காதுகள் என்று
அது எண்ணிக் காட்டவில்லை.

ஜூலை விடுமுறைக்கு அவள் வந்தாள்.
சூப்பு ஆறிக்கொண்டிருக்க
நாங்கள் ஒரு சொல் தேடினோம்.
யார் குரலில் யார் கூப்பிட்டாலும்
முதலில் அந்தச் சொல்,
பிறகுதான் அழுகை.

பூனையின் பெயர்?
பூனைக்கே தனிக் கணக்கு இருக்கிறது, என்றான் டாங்கோ.
பழைய தெரு?
அப்பாவின் பிறந்தநாள் படத்தில் வீட்டு எண்ணோடு இருக்கிறது.
கொள்ளுத்தாத்தா வந்திறங்கிய கப்பல்?
அத்தை எழுதிவிட்டாள், மூன்று பாகமாக.
எல்லாவற்றையும் தெருப்பக்கமே உலர்த்தியிருக்கிறோம்,
கிழிந்த காலுறை வரைக்கும்.

கடைசியில் டாங்கோ ஒன்று சொன்னான்.
நாங்கள் சிரித்த சிரிப்பில் கரண்டி விழுந்தது.
அலமாரியில் இருந்த ஒலிப்பெட்டி
நீல வளையம் எரிய,
"மன்னிக்கவும், புரியவில்லை" என்றது.

கோட்டுகளை மாட்டிக்கொண்டு வெளியே போனோம்,
எரிவாயு உருளைக் கொட்டகைக்குப் பின்னால்.
புன்டா அரீனாஸ் காற்று சும்மா இல்லை.
நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள
நகர நடுவில் கயிறு கட்டவைக்கும் காற்று.
யெர்கோ புதுச் சொல் ஒன்று சொன்னான். கேட்கவில்லை.
கத்தினான்.
பக்கத்து வீட்டு ஓயார்சூன் ஜன்னலில் விளக்குப் போட்டார்.
அந்தச் சொல்லும் போயிற்று.

பிறகு நான்கு தலைகளும் சேர்ந்தன.
தோளைத் தோள் பிடிக்க
வாயிலிருந்து காதுக்கு, அடுத்த காதுக்கு,
சொல் ஒரு சுற்று வந்து
முனை மழுங்காமல் என்னிடமே சேர்ந்தது.
யாஸ்னாவின் காது பனிக்கட்டியாய் இருந்தது.
அவள் தலைமுடியை இத்தனை கிட்டத்தில் முகர்ந்து
எத்தனை வருஷம்.

மறுநாள் ஒலிப்பெட்டியின் ஒயரை யெர்கோ பிடுங்கினான்.
டாங்கோ ரௌட்டரைக் கவிழ்த்து
அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை நகத்தால் சுரண்டினான்,
புதிதாய் ஒன்று வைத்தான்.
நான் முப்பத்தெட்டு விநாடியை அழித்தேன்.
அழித்தது அழிந்ததா, யார் கண்டது.
பணம் வரவில்லை. பழைய அடுப்பு இன்னும் புகைகிறது.

அக்டோபரில் யாஸ்னா அழுதாள்.
மூச்சு இரண்டாக உடைந்து, விக்கி.
தேர்வில் தோற்றுவிட்டாளாம்.
சொல்லைக் கேட்டேன்.
மறந்துவிட்டது அம்மா, என்றாள்.

அழுகிற குரலை வைத்துவிட்டேன்.
கை நடுங்கியது.
அவள் எண்ணை நானே, ஒவ்வொரு இலக்கமாய், அழுத்தினேன்.
ஐந்து முறை ஒலித்தது.
அந்த ஐந்துக்குள்
நான் நல்ல தாயாகவும் கெட்ட தாயாகவும்
மாறிமாறி இருந்தேன்.

"நிஜமாவே வச்சிட்டியா?" என்றாள்.
யாரோ சிரித்தோம், அவளோ நானோ.
தோற்ற தேர்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்,
சிப்பிகளின் லத்தீன் பெயர்களைத் திட்டினோம்.
கடைசியில் மெதுவாக,
"அம்மா, முதல் எழுத்தாவது?"

போனில் மாட்டேன்.
டிசம்பரில் வா.
காதைக் கொண்டு வா.