வளைக்கரடி சொன்னது

சீனன்குடாவுக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலிலிருந்து
ஆறு சித்திரக்கதைப் புத்தகங்களும் இறங்கின.
ஒன்றிலிருந்து ஏழு வரை. நாலாவது இல்லை.
பெல்ஜியத்துக் காடு.
மேலங்கி போட்ட நரி, மூக்குக்கண்ணாடி முள்ளெலி,
முகத்தில் வெள்ளைக் கோடு விழுந்த
நாங்கள் ஒருநாளும் காணாத ஒன்று.
அகராதியில் தேடி
வளைக்கரடி என்று வைத்தோம்.

மூதூர் நஸ்லிம் நாலு வருடம் கப்பலில் சமைத்தவன்.
அந்தப் பாஷை தண்ணீர் பட்ட பாடு என்றான்.
டொக்யார்ட் றோட்டில், என் போட்டோக்கொப்பிக் கடையில்,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அவன் சொல்லச் சொல்ல
டிப்பெக்ஸ் பூசி, காயும்வரை ஊதி, எழுதினேன்.

அவர்களுடைய குமிழிகள் சிறியவை.
நரி ஒரு சொல்லில் முடிக்கிற இடத்தில்
நம்முடையது ‘ஓமோம், அப்பிடித்தான் இருக்கவேணும்’ என்று இழுக்கும்.
எங்கள் எழுத்துக்கும் கொம்பு உண்டு, கால் உண்டு.
அடைத்தால் முட்டும்.
ஒரு கொம்பு நரியின் காதில் ஏறியது,
ஒரு கால் வெளியே நழுவிப் பனியில் நின்றது.
பனியும் டிப்பெக்ஸும் ஒரே வெள்ளை.
எது அவர்களுடையது எது நான் பூசியது
எனக்கே பிடிபடவில்லை.

நஸ்லிமின் கதையில் நரிக்குக் கல்யாணம்.
மூட்டையும் பெட்டியுமாக
மிருகங்கள் வரிசையாக நடக்கிற பக்கம் வந்தது.
விருந்துக்குப் போகுதுகள், என்றான்.
எழுதினேன்.
கடைசிக் கட்டத்தில் வளைக்கரடி திரும்பிப் பார்த்து
ஏதோ சொன்னது.
குழம்புக்கு உப்புக் காணாது, என்றான்.
எழுதினேன்.

நாற்பது பிரதி போனது.
உவர்மலைப் பிள்ளைகள்
சோற்றுக் கோப்பை முன்னால் உட்கார்ந்து
உப்புக் காணாது உப்புக் காணாது என்று
தாய்மாருக்கு விசர் ஏற்றினார்கள்.

மாசி மாதம்
பாஸ்போர்ட் கொப்பி எடுக்க வந்த வெள்ளைக்காரி
தன் ஊர்ப் புத்தகத்தைக் கண்டு
நின்ற நிலையில் வாசித்தாள்.
காட்டை வெட்டுகிறார்கள், என்றாள். இவை போகின்றன.
வளைக்கரடியிடம் விரலை வைத்து
கொஞ்சம் யோசித்து
உடைந்த இங்கிலீசில் சொன்னாள்:
‘என் வளை வாசலை மண் போட்டு மூடாதீர்கள்.
வந்தால் அடையாளம் தெரியவேணும்.’

மூட்டை தூக்கின முதுகு எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியும்.
மூதூரிலிருந்து நடந்தபோது
வழியெல்லாம் நான் பார்த்தது முதுகுகளைத்தான்.
தெரிந்துதானே விருந்து என்று எழுதினேன்?
நஸ்லிமும் அந்த வரிசையில் வந்தவன்.

அன்று பின்னேரம் கேட்டேன்,
உனக்கு அந்தப் பாஷை தெரியுமா தெரியாதா.
பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.
ஆறிப்போன பிறகும் ஆற்றினான்.
‘உப்புக் காணாது எண்டுதான் இருந்தது.’

நான் எதையும் சுரண்டவில்லை.
இரண்டாம் பதிப்புக்கு மெஷினைப் போட்டேன்.
மை திட்டாகி, கடைசிப் பக்கம் மட்டும்
பதினைந்து தாள் பழுது.
வாசலில் எறிந்தேன்.

கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
ஓட்டோவுக்கு வழிவிடாமல் நின்று
ஒவ்வொரு தாளாக மென்றது.
மான்களுக்கு உப்பென்றால்
உயிர்.