டெல் நோர்ட்டே தெருவில் ஒரு கோடு

வரைபடத்தில் சிவப்பாக ஓடும் கோடு
டெல் நோர்ட்டே தெருவின் தார்மேல் போகிறது.
ஒற்றைப்படை வீடுகள் உள்ளே,
இரட்டைப்படை வெளியே.
தெருவில் இறங்கிப் பார்த்தால் கோடு ஏதுமில்லை.
வெயிலில் வெடித்த தார்,
காற்று உருட்டிவந்த ஒரு குப்பைத்தொட்டி.

ரிவர்சைடில் இது எனக்கு ஆறாவது கோடை.
பையில் மஞ்சள் பசை அட்டை, பூதக்கண்ணாடி, நாய் பிஸ்கட்.
பிஸ்கட் என் சொந்தக் காசு.
எலுமிச்சை உண்டா, ஆரஞ்சு உண்டா,
கறிவேப்பிலை உண்டா என்று கேட்பேன்.
அதுவுமா என்பார்கள்.
அதுவும்தான். பூச்சிக்கு அது பங்காளி வீடு.
எள்ளளவு உடம்பு,
தலை தாழ்த்திப் பின்புறம் தூக்கி
தொழுவதுபோல் தளிரில் உட்காரும்.
போன குளிர்காலம் நான்கு தெரு தள்ளி
ஒரு மரத்தைத் தூரோடு எடுத்தோம்.
வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார்.
அது என்னவோ தொண்டையில் இறங்கவில்லை.

நாற்பத்தேழாம் எண்: நெஸ்டர் டிமாகுலங்கன்,
பள்ளிப் பேருந்து மெக்கானிக்,
வாசலில் ஒரே ஒரு கலமான்சி மரம்,
கோலிக்குண்டு கோலிக்குண்டாய்ப் பழம்.
தாளை நீட்டினேன்.
பழம் வேலி தாண்டக்கூடாது.
கன்று, ஒட்டுக்குச்சி, உதிர்ந்த ஓர் இலைகூட.
நீங்கள் இங்கேயே பறித்து
இங்கேயே சாப்பிடலாம்.
"எதிர்வீட்டுக்கும் கூடாதா?"
"எதிர்ப்பக்கம் வெளி மண்டலம்."
"எதிர்ப்பக்கம் என் மனைவி," என்றார்.
கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு
திருத்தினார்: "இருந்தவர்."

பிரிந்தபோது லிகாயா எதிர்வீட்டை வாங்கினாளாம்.
விலை மலிவு, அவ்வளவுதான் என்பாளாம்.
பதினோரு வருடம்.
ஞாயிறுதோறும் அவள் தபால்பெட்டியில்
ஒரு காகிதப் பை பழம்.
பேச்சு கிடையாது. பையின் மேல் எழுத்து மட்டும்:
இந்த வாரம் புளிப்பு அதிகம்.
மழைக்கு முன் பறித்தது.
தபால்பெட்டியில் பழம் வைப்பதும் குற்றம்தான்,
அது வேறு இலாகா.

மரத்தில் மஞ்சள் தெரிந்தது.
ஓர் இலையை நடுநரம்போடு மடித்து
வெளிச்சத்தில் பிடித்தேன்.
நெஸ்டர் மூச்சு விடவில்லை.
இரண்டு பாதியும் வேறுவேறாக வெளுத்தால் நோயைச் சந்தேகிப்போம்.
ஒன்றுபோல் வெளுத்தால் பெரும்பாலும் பசி.
இது பசிபோலத்தான் இருந்தது. துத்தநாகம் போதவில்லை.
ஆனாலும் என் கண் சொல்வது பதில் ஆகாது,
இலைகளை உறையிலிட்டு அனுப்பினேன்.

சோதனைக்கூடம் "இல்லை" என்று எழுதிய தாளோடு
ஒரு சனிக்கிழமை திரும்பிப் போனேன்.
மரத்தடியில் மடக்கு மேசை.
பெரிய தட்டில் பன்சித், ஆவி இன்னும் அடங்கவில்லை.
ஒரு பெண் நாற்காலியை விட்டு எழாமலே
கிளையை வளைத்துப் பழம் பறித்தாள்,
நூடுல்ஸ்மேல் பிழிந்தாள்,
விதையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.
என் அட்டையைப் பார்த்தாள்.
"பழம்தானே தெருவைத் தாண்டக்கூடாது.
நான் தாண்டலாமில்லையா?"
தாளில் மனிதர்களைப் பற்றி ஒன்றுமில்லை என்றேன்.
"உப்பு குறைச்சல்," என்றாள், என்னிடம் இல்லை.
நெஸ்டர் உப்பெடுக்க உள்ளே ஓடினார்.

அவள் கிளம்பும்போது கதவருகே நிறுத்தி
தோளில் ஒட்டியிருந்த இலையை எடுத்தேன்.
ஓர் இலைகூட.

எங்கள் தாள் வேலியில் தொங்கியது,
தெருவைப் பார்த்தபடி,
அவள் சன்னலிலிருந்தே படிக்கலாம்போல.
மூன்றாம் விதியோடு பின்னுக்கு மடித்து
கிளிப் போட்டிருந்தார்.
நான்காவது விதி எனக்கு மனப்பாடம்:
பிழிந்த சாறு எங்கும் போகலாம்,
ஒரு குப்பி, பத்துக் குப்பி, தடையில்லை.

விதிகளைப் புரியவைப்பது என் வேலை.
கேட்டால் சொல்வேன்.
பசை அட்டையை மாற்றினேன், தேதி எழுதினேன்,
நாய்க்கு ஒரு பிஸ்கட் போட்டேன்.
யாரும் கேட்கவில்லை.