கெடு

வீடு மாறுகிற அன்று
முனீர் பாய் அதைச் சுவரிலிருந்து கழற்றினார்.
மர்ஃபி டவுனில் தூறல். ஆகஸ்ட் ஐந்து.
"அக்கா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே."
வெள்ளைக் குழாயைக் கவிழ்த்துக் காட்டினார்.
ஒரு கரப்பான் இறகு விழுந்தது.

நான்கு வருஷமாக நாங்கள் குடித்தது
ஒரு குழாயில் நுழைந்து மறு குழாயில் வந்த
அதே காவிரி.
நடுவில் ஒரு பச்சை விளக்கு.

பச்சை எரிந்தால் சுத்தம் என்றான் விற்றவன்.
விளக்கின் ஒயர் நேரே ப்ளக்குக்குப் போயிருந்தது.
தண்ணீர் வருகிறதா என்பதுகூட
அதற்குத் தெரியாது.

மூன்று மாதத்துக்கொரு முறை வந்தான்.
ஆயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டு
ஃபில்டர் மாற்றியாயிற்று என்று தேதி எழுதி
பழைய ஸ்டிக்கரின் மேலேயே புதியதை ஒட்டினான்.
பிறகு ஒருநாள் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.
அக்ஸீலியாவுக்கு வயிற்றைப் பிரட்டியபோதெல்லாம்
நான் பரோட்டாக் கடையைத் திட்டினேன்.

"ரெண்டு வருஷம்தான் கெடு"
என்றார் வக்கீல் சரோஜினி நஞ்சுண்டய்யா.
எதிலிருந்து?
வாங்கின நாளிலிருந்தா, ஏமாந்த நாளிலிருந்தா,
ஏமாந்தது தெரிந்த நாளிலிருந்தா?
"நீங்க தெரிஞ்ச நாள்னு சொல்வீங்க.
அவங்க வாங்கின நாள்னு சொல்வாங்க."
பிந்திவிட்டால் தனி மனு போடலாம்.
பிந்திய ஒவ்வொரு நாளுக்கும்
காரணம் எழுத வேண்டும்.

ஒவ்வொரு நாளுக்குமா?
பீன்யாவில் வால்வு கம்பெனிக் கணக்கு எழுதுகிறவளுக்கு
ஒரு செவ்வாய்க்கிழமைக்கு என்ன காரணம் இருக்கும்?
மார்ச் ஒன்பது: தாகமாக இருந்தது, குடித்தேன்.
மார்ச் பத்து: விளக்கு பச்சையாக இருந்தது.
மார்ச் பதினொன்று: மேற்படி.

வக்கீல் சிரிக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஸ்டிக்கரை
வெளிச்சத்தில் பிடித்தார்.
கடைசி சர்வீஸ், போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட்,
பதினாலு. அல்லது பதினொன்று.
முனீர் பாயின் ஈரக் கட்டைவிரல்
இரண்டாவது எழுத்தைத் தின்றிருந்தது.
"பதினொண்ணுன்னே வெச்சுக்குவோம். வர்ற வெள்ளி.
கடைசியா ஏமாத்தின நாள்லேருந்து எண்ணுவோம்."
அதற்கு முந்தியவை?
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதைக்
கன்னடத்தில் ஏதோ சொன்னார்.

பஸ்ஸில் அந்தச் சொல்லையே வாயில் உருட்டினேன்.
பால் கெடும். வெளியே வைத்த மீன்குழம்பு கெடும்.
எனக்கு நடந்த அநியாயமும்
தேதி தாண்டினால் கெட்டுவிடுமாம்.
அவன் பொய்க்கு அந்தக் கவலை இல்லை.
இரண்டு வருஷம் சும்மா இருந்தால் போதும்,
வடிகட்டித் தெளிந்து வந்துவிடும்.
ஃபில்டர் அங்கே இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை, சாந்திநகர்,
பஸ் நிலையத்துக்கு மேலே மாடி,
மூன்று பிரதி, ரசீதுகள், ஸ்டிக்கரின் படம்.
குமாஸ்தா முத்திரையை எடுத்தார்.
அதில் இன்னும் புதன்கிழமையே இருந்தது.
கட்டைவிரலால் ரப்பர் சக்கரத்தை
ஒரு பல் தள்ளினார்.
டக்.
வரிசையில் நின்ற எல்லாருக்கும்
ஒருநாள் குறைந்தது.

முதல் வாய்தா அக்டோபரில். பிறகு ஜனவரி.
அவன் தரப்பில் ஆள் வரவில்லை, ஏப்ரல்.
இவர்களுக்குக் கெடு உண்டா என்று
நான் கேட்கவில்லை.

கம்மனஹள்ளி வீட்டில்
அந்தச் சாட்சி சாக்குக்குள் கட்டிக் கிடக்கிறது,
தொடக்கூடாது என்று உத்தரவு.
அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.
நேற்றிரவு கரண்ட் போய் வந்தபோது
செல்போன் சார்ஜர் என்று நினைத்து
அக்ஸீலியா ஏதோ ஒரு ஒயரைச் சொருகினாள்.
எந்தக் குழாயிலும் மாட்டாத அது
சாக்குக் கண்கள் வழியே
பச்சையாக எரிந்தது.