மூன்று மாதச் சராசரி

மீட்டரில் எழுபத்தோராயிரம்.
"அச்சு அசல் ஓட்டம்" என்கிறார் நாகூர்கனி.
புதுவயல் ரோட்டில் ரைஸ் மில்லுக்கு எதிரே
உமி பறந்து வந்து
பானெட்டில் உட்காருகிறது.

மெக்கானிக் சவரிமுத்து
மீட்டர் பக்கமே திரும்பவில்லை.
குனிந்து கிளட்ச் பெடலைத் தடவினார்.
ரப்பரில் ஒரு வரிகூட மிச்சமில்லை,
ஊருணிப் படிக்கல் மாதிரி வழுவழு.
"ரெண்டு லட்சம் தாண்டியிருக்கும்மா"
என் காதோடு மட்டும்.

எனக்கு இது புதிதா என்ன.
ஆறு வருஷமாய் வீடு வீடாகப் போய்
ரத்தம் எடுக்கிறேன்.
"இனிப்பே தொடுறதில்ல" என்று கை நீட்டுவார்கள்.
வெறும் வயிற்றில் நூற்றுப்பத்து, சமர்த்தாக.
மூன்று மாதச் சராசரி
ஒன்பதரை என்று வந்து நிற்கும்.
ஒரு நாள் பட்டினி மீட்டரைத் திருத்தும்,
பெடலைத் திருத்தாது.

ஆனாலும் நான் கிளம்பவில்லை.

முந்தின நாள்தான் பள்ளத்தூரில்
இன்னொன்று பார்த்துவிட்டு வந்திருந்தேன்.
ஒரே ஓனர். பதினோராயிரம் கிலோமீட்டர்.
சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தால்
எடுப்பார்களாம்.
வாட்ச்மேன் வெள்ளைக்கண்ணு
மூன்று பூட்டுத் திறந்து உறை விலக்கினார்.
சீட்டில் பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை.
சாவியைத் திருகினால்
ஒரு முனகல் இல்லை.
டயர்கள் நின்ற இடத்திலேயே தட்டையாகி,
ஒயரெல்லாம் எலி தின்று,
ஏசி துவாரத்தில் குளவிக்கூடு.
"ஓடாத வண்டிங்க, அதான் இந்த விலை."
ஓடாததற்கு ஐந்தேகால் லட்சம்.
ஓடினதற்கு மூன்று நாற்பது.

"சர்வீஸ் புக் இருக்கா?" சவரிமுத்து கேட்டார்.
நாகூர்கனி உள்ளே போய்
நெடுநேரம் தேடினார், அல்லது
தேடாமல் நின்றார்.
கடைசியில் வந்தது,
எண்ணெய்க் கட்டைவிரல் ரேகைகளோடு.
பத்தாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில்.
தவறாமல். இருபத்தோரு தடவை.
கடைசிப் பதிவு இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.

யாரும் எதுவும் பேசவில்லை.
மில்லில் சங்கு ஊதினார்கள்.
"சரி, ரெண்டு எண்பதுன்னு முடிங்க"
என்றார் நாகூர்கனி, உமியைத் துடைத்தபடி.

அந்த இருபத்தோரு ஆயில்
பாசத்தால் ஊற்றியதல்ல.
ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போச்சு.
பாசத்துக்கு இத்தனை ஞாபகசக்தி இருந்து
நான் பார்த்ததில்லை.

லேபில் கூட வேலை பார்க்கும் அழகுமீனா
மூக்கைச் சுளித்தாள்:
"வாடகை வண்டியா?
யார் யாரோ மிதிச்சதாச்சே."
நிறைய தடவை குத்திய நரம்பு
சிலருக்குக் கயிறாக இறுகிவிடும்,
சிலருக்கு உடனே வழிவிடும்.
விரல் வைத்துப் பார்க்காமல்
என்னால் சொல்ல முடியாது என்றேன்.
"அப்ப பார்த்துட்டியா?"
பார்த்தேன். வாங்கிவிட்டேன்.
சரியா தப்பா என்பது
இந்த மழைக்காலம் போனால்தான் தெரியும்.

ஆர்டிஓ ஆபீசுக்கு நாலு நடை,
பெர்மிட் ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி,
மஞ்சள் போர்டு வெள்ளையானது.
கிளட்ச் பிளேட்டுக்கு ஒன்பதாயிரம் தனி.
பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயரை
பிளேடால் சுரண்டி எடுத்தோம்.
காலைப் பனியில் மட்டும்
எழுத்து எழுத்தாகத் திரும்பி வருகிறது:
'24 மணி நேரமும்'.

ஐந்தரை மணிக்கு
ஐஸ்பெட்டியும் ஊசிகளுமாகக் கிளம்புகிறேன்.
கோட்டையூர் விலக்கில் ஒருவர் கை காட்டி
"திருப்பத்தூர் எவ்வளவு?" என்கிறார்.
சொந்த வண்டி என்கிறேன்.
நம்பாமல் பின்கண்ணாடியைப் பார்க்கிறார்.

ஒரு குறை இருக்கிறது.
பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது
லேசாக இடப்பக்கம் இழுக்கிறது.
வீல் அலைன்மென்ட் என்கிறார் சவரிமுத்து.
இருக்கலாம்.
டாக்சி ஸ்டாண்டும்
இடப்பக்கம்தான் இருக்கிறது.