அறுபத்து மூன்றாவது குழாய்

திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சிச்
சணலுக்குப் பூசிய ஊராம் இந்த டன்டீ.
இப்போது ஆற்றோர ஆய்வுக்கூடத்தில்
பெண்களின் கொழுப்பைப் பிரிக்கிறேன் நான்,
துளித் துளியாக.

வெறும் வயிற்றோடு வருவார்கள்.
மொராக் நரம்பு தேடுவாள்.
நான் சுழற்றுவேன். சிவப்பு அடியில் இறங்க
மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிவு.
நோயில்லாதவர், வைரஸ் தொற்றியவர், புற்று கண்டவர்:
யார் எதில் என்பது
எய்ல்சாவின் இழுப்பறையில், ஒட்டிய உறையில்.
எனக்கு எண்கள் மட்டும்.

இயந்திரம் தாளில் மலை வரையும்.
ஒலியிக் முதலில். ஒரு மூச்சு தள்ளி லினோலியிக்.
வைட்டமின் ஈ குறைந்தால்
கொழுப்பு கெட்டுப்போகும் என்கிறார்கள்,
மூடாமல் வைத்த எண்ணெய்ப் போத்தல் போல.
உள்ளே அடிக்கும் சிக்கு வாடையை
யார் முகர்ந்து பார்ப்பது?

அறுபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள்.
நோயில்லாதவர் பக்கம் ஒருத்தி குறைந்தாள்.
"நீ கொடேன்," என்றாள் எய்ல்சா,
பிஸ்கட் தட்டை நகர்த்துகிற குரலில்.
கொடுத்தேன், இரத்தமும் பஞ்சுக்குச்சியும்.
அறுபத்துமூவரில் கடைசி ஆள் என்று
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

என் குழாய்க்கு நானே எண் ஒட்டினேன்.
என் மலைகள் குட்டையாக வந்தன.
"உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு"
என்று சொல்லாத நாளில்லை
லெஸ்டரில் நான் விட்டுவந்த இளஞ்சேரன்.
இதோ பார், அளந்தாயிற்று, குறைவுதான்.
தாளை அவனுக்கு அனுப்பலாமா என்றுகூட
யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தார்கள்.
முதல் பட்டியலில் நான் இல்லை.
இரண்டாவதில், பென்சிலில், மொராக்கின் கையெழுத்தில்,
அறுபத்து மூன்று.

இருபத்திரண்டு வயதில் கழுத்தை நீட்டியபோது
கருப்பைக்கும் ஒரு கழுத்து உண்டென்று
யாரும் சொல்லவில்லை.
தாலியைக் கழற்றி ஏழு வருஷம்.
இந்த முடிச்சு மட்டும்
இருந்திருக்கிறது.

கொழுப்பு குறைந்ததால் வைரஸ் தங்கியதா,
வைரஸ் தங்கியதால் குறைந்ததா?
எய்ல்சா கையை விரித்தாள்,
இத்தனை பேரை வைத்துச் சொல்ல முடியாதாம்.
"பெரும்பாலும் தானே போய்விடும்,
அடுத்த வருஷம் மறுபடி பார்ப்போம்," என்றாள் மொராக்,
என் முகத்தைப் பார்க்காமல்
கையுறையைக் கழற்றியபடி.

அன்று மாலை கானாங்கெளுத்தி வாங்கினேன்.
பொரிக்கவில்லை. அவித்தேன்.
அடுப்பருகே நின்றபடியே முள் எடுத்துத் தின்றேன்.

நோயில்லாதவர் பக்கம் இன்னும் ஒருத்தி வேண்டும்.
திங்கட்கிழமை எட்டு மணிக்கு
மொராக் தன் சட்டைக் கையை மடித்துவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்தாள்.
சாளரத்தில் டே ஆறு தெரியவில்லை, பனிமூட்டம்.
நான் ஊசியை எடுப்பதற்கு முன்
எண்ணை எழுதினேன்,
மெதுவாக.