நிகர எடை

புதுவயல் ரைஸ்மில் எடைமேடையில்
அறுபது டன் வரைக்கும் நிறுக்கலாம்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
அது கண்டுகொள்வதில்லை.
தாய்ப்பூனை லாரிச் சக்கரத்தில் போன மறுநாள்
குட்டியை அதன்மேல் விட்டுப் பார்த்தேன்.
பூஜ்யம்.
சிவப்பு எழுத்தில், அசையாமல், பூஜ்யம்.

"என்னக்கா, இதையுமா எடை போடுறிய?"
ஜன்னலுக்கு வெளியே கல்லல் லோடு டிரைவர்.

சாம்பிள் நெல் நிறுக்கும் சின்னத் தராசுக்கு வந்தோம்.
பிளாஸ்டிக் கூடையை வைத்து, டேர் அழுத்தி,
கூடையை இல்லையென்று ஆக்கிவிட்டு
அப்புறம் குட்டி:
முந்நூற்று எண்பது கிராம்.
பக்கத்திலேயே ஈரப்பதம் பார்க்கும் மெஷினும் இருந்தது.
அதில் வைக்கவில்லை.
என் மடி நனைந்திருந்தது, தெரிந்ததுதானே.

கோட்டையூர் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர்
நிமிராமலே சொன்னார்:
பசும்பால் ஆகாது, வயிறு கழியும்.
ஆட்டுப்பால், வெதுவெதுப்பாக, ஊசி கழற்றிய சிரிஞ்சில்.
மல்லாத்திக் கொடுத்தால் புரையேறும்.
சிரிஞ்சைக் கடிக்க ஆரம்பித்தால் தட்டுக்கு மாற்றுங்கள்.

ஒன்பதாம் நாள் கடித்தது.
முனை நசுங்கிப் பால் வராமல்
நான்தான் ஏதோ தப்பு செய்ததுபோல் கத்தியது.

அன்று மத்தியானம் என் டிபன் பாக்ஸ் மூடியில்
இலை போட்டேன்.
அவித்த முட்டையின் மஞ்சள்கரு, பாலில் குழைத்து.
மூக்கை முக்கியது. தும்மியது.
மஞ்சள் மீசையோடு என்னைப் பார்த்தது.
பிறகு நாலு காலோடும் மூடிக்குள் ஏறி நின்றுகொண்டு
சாப்பாடு எங்கே என்று கேட்டது.

விரலில் தொட்டு நீட்டினேன்.
உப்புத்தாள் நாக்கு.
விரலை அரை அங்குலம் அரை அங்குலமாய் இறக்கினேன்
மூடி வரைக்கும்.
விரல் இருந்தால் நக்கும், எடுத்தால் நிறுத்தும்.
இப்படி மூன்று நாள்.
வலது கை அதனிடம் இருந்ததால்
ரசீதெல்லாம் இடது கைதான் எழுதியது.
கையெழுத்தைப் பார்த்து முதலாளி
உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நாலாம் நாள் ஒரு போன் வந்தது.
பேசிவிட்டுத் திரும்பினால்
விரல் இல்லாத மூடியில்
தின்றுகொண்டிருக்கிறது.
தொண்டைக்குள் ஒரு சின்ன உறுமல் வேறு,
என்னிடமிருந்து சோற்றைக் காப்பாற்ற.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
சொல்ல வேண்டாம்போலவும் இருந்தது.

அப்புறம் கோழி, நூல் நூலாய்ப் பிய்த்து.
தொண்டியிலிருந்து வரும் சூடை மீன்,
உப்பில்லாமல் அவித்து, முள் பார்த்து.
உமித் தட்டில் போய்க் குந்தப் பழகியது.
மில்லில் உமிக்கா பஞ்சம்?
எடைப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால்
நானூற்று முப்பது, நானூற்று அறுபது,
வயிறு கழிந்த நாளில் நானூற்று இருபது,
மறுபடி ஏறி ஐந்நூறு.
பேர் வைக்கக் கூடாது என்று வைராக்கியம்.
வண்டி எண் எழுதும் கட்டத்தில்
பூ என்று மட்டும் போட்டேன்.
பூனைக்குச் சுருக்கம். அவ்வளவுதான்.

பள்ளத்தூர் சபுரா தையல் கடை.
துணிக்கட்டுக்குள் எலி.
அவள் கேட்டது ஒரே கேள்வி: தானாச் சாப்பிடுமா?
இன்னும் பழகவில்லை என்றேன்.
அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன்.
அதற்கடுத்த ஞாயிறு
போனை எடுக்கவில்லை.

புதன்கிழமை ஸ்கூட்டியில் வந்துவிட்டாள்,
ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு.
ரூமுக்குள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து
உள்ளங்கையில் கோழித்துண்டு நீட்டினாள்.
பூ போனது. தின்றது.
ஊசி குத்திக் குத்திக் காய்த்த அந்த விரல்களையும்
ஒவ்வொன்றாய் நக்கியது.
சபுரா என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை, நல்லவள்.

கடைசி எடை நான்தான் போட்டேன்.
கூடை, டேர், குட்டி:
எண்ணூற்று அறுபது.
அவள் தூக்கினாள், பூஜ்யம்.
ஸ்கூட்டி சத்தம் ரயில்வே கேட் தாண்டிய பிறகு
கழுவலாமென்று கூடையை எடுத்தேன்.
தராசு
மைனஸ் இருநூற்றுப் பதினைந்து என்றது.

ஒரு பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.
வெளியே லோடு லாரி மேடையேறி
ஹாரன் அடித்தது.
கொஞ்சம் நிற்கட்டும்.